பாதி ஸ்பாஞ்சு

ஜூன் 4, புதன்

வாலு,

கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவளுக்குக் கடிதம் எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மலையில் போன் எடுக்காதாம். எடுத்தாலும் நீ எடுக்கப் போவதில்லை என்று உன் அண்ணி சொல்கிறாள். உங்கள் சுரங்கப் பாதை வேலைக்கு மளிகை ஏற்றிப் போகிற லாரி புதனும் சனியும் நம் தெருமுனை வழியாகத்தான் போகிறது. மறுநாள் காலையில் இறங்கிவிடுகிறது. டிரைவரிடம் கேட்டேன், கடிதம் கொண்டுபோகச் சம்மதித்தார். தங்கமான மனுஷன். ஹாரனில் கை வைத்தால் எடுக்க மாட்டார், அது ஒன்றுதான் குறை. நான் போய் நிற்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தார். தெருவில் அவருக்குப் பெயரே ஹாரன்தானாம்.

சனிக்கிழமை நான் பேசியது கொஞ்சம் அதிகப்படிதான். சரி, விடு. அதற்கு ஈடாக ஒரு காரியம் செய்திருக்கிறேன். நீ போன அன்றே உன் மீன் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிவிட்டேன். பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் கத்தியையும் கத்தரிக்கோலையும் ஆவியில் வைத்துக் கிருமி நீக்குகிறவன் சுத்தம் செய்தால் எப்படி இருக்கும் என்று நீ வந்து பார்க்க வேண்டும். பன்னிரண்டு மோலி மீன்களையும் வாளிக்கு மாற்றினேன். கூழாங்கற்களை மூன்று முறை கொதிக்க வைத்தேன். கண்ணாடியில் பச்சையாகப் படிந்திருந்ததைச் சுரண்டி எடுத்தேன். தொட்டிக்கு வேண்டிய எண்பது லிட்டர் தண்ணீரையும் காய்ச்சி, ஆற்றி, வடிகட்டி ஊற்றினேன். ஞாயிறும் திங்களும் அடுப்பு அணையவே இல்லை. ஊருக்கே சமைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் உன் அண்ணி.

ஃபில்டரில் பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சு வைத்திருந்தாயே, அதைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அதைத் துணியில் சுற்றி எங்கள் பிரிவுக்கே எடுத்துப்போய், கடைசிச் சுற்றில் காலியாக இருந்த தட்டில் வைத்து ஆவியில் வேகவைத்தேன். என் சர்வீஸில் நான் மீறிய முதல் விதி இது. சுற்றியிருந்த டேப்பில் கோடுகள் நன்றாகக் கறுத்திருந்தன. கிருமி ஒன்றுகூட மிச்சமில்லை என்று அதற்கு அர்த்தம். ஸ்பாஞ்சு கொஞ்சம் சுருங்கிவிட்டது, பரவாயில்லை.

இப்போது தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு. மீன்களுக்கும் சந்தோஷம் போலிருக்கிறது. எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அந்தக் கறுப்பு ஆண், நீ மேனேஜர் என்று கூப்பிடுவாயே, அவன் நேற்றிலிருந்து நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டி ஆட்டி ஆடுகிறான். உன் அண்ணி பார்த்துச் சிரித்தாள்.

ஏழாவது மாதம் அவளுக்கு நல்லபடியாகப் போகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜூன் 5, வியாழன்

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். லாரி கிளம்ப அரை மணி நேரம்தான் இருக்கிறது. நான் சொல்வதை வரி வரியாகச் செய்.

மேனேஜர் ஆடுவது ஆட்டம் இல்லை. உடம்பு முடியாத மோலி அப்படித்தான் நின்ற இடத்தில் நடுங்கும். மேலே வந்து வாயைத் திறப்பது மூச்சு முட்டுவதால். நீ அவற்றைக் கொன்றுகொண்டிருக்கிறாய் அண்ணா. தெரிந்து செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தப் பழுப்பு ஸ்பாஞ்சு அழுக்கு இல்லை. மீன் போடும் கழிவு தண்ணீரில் விஷமாக மாறும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற கிருமிகள் ஸ்பாஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்கும். அவை சேர மாதக்கணக்காகும். நீ ஸ்பாஞ்சை ஆவியில் வேகவைத்தாய், கற்களைக் கொதிக்க வைத்தாய். இப்போது விஷம் ஏறிக்கொண்டே இருக்கிறது, தின்ன ஆள் இல்லை. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதுதான் நிலைமை.

இன்னொன்று, தண்ணீரைக் காய்ச்சினாயே, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்ததா? அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் மோலிக்கு உயிர். மற்ற மீன்கள் எப்படியோ, மோலிக்குக் கடினமான தண்ணீர் வேண்டும். அதையும் எடுத்துவிட்டாய்.

இன்றிலிருந்து தினமும் கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்று. காய்ச்சாதே. குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வை, குளோரின் போய்விடும். தொட்டியின் சூட்டுக்கு வந்த பிறகு மெதுவாக ஊற்று. இருபத்தாறு டிகிரி, ஹீட்டரைக் குறைக்காதே. பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு, தனியாகக் கரைத்து, ஒரே நாளில் ஊற்றாமல் இரண்டு நாளில் ஊற்று. தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் திரும்ப உப்புச் சேர். இரண்டு நாளைக்குத் தீனி கிடையாது. காற்று மோட்டார் எப்போதும் ஓடட்டும்.

சனிக்கிழமை நீ பேசியது 'கொஞ்சம் அதிகப்படி' இல்லை. அதைப் பற்றி இன்றைக்கு எழுத நேரம் இல்லை.

அண்ணிக்கு என் அன்பு. உனக்கு இல்லை.


ஜூன் 7, சனி

வாலு,

ஆறு போய்விட்டது. உன் கடிதம் வருவதற்கு முன்பே இரண்டு வெள்ளை மோலிகள் அடியில் கிடந்தன. பிறகு மேனேஜர். நேற்றுக் காலையில் மூன்று. முதலில் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தேன். மேனேஜரை எடுக்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டேன், ஏன் என்று கேட்காதே. பின்பக்கம் செடிக்குக் கீழே புதைத்தேன்.

நீ சொன்னபடி எல்லாம் செய்கிறேன். வாளிகளை வரிசையாக வைத்து மேலே நேரம் எழுதி ஒட்டியிருக்கிறேன். வீட்டைப் பார்த்தால் எங்கள் பிரிவு மாதிரியே இருக்கிறது. மிச்சம் ஆறு. வயிறு பெருத்த கறுப்பி, நீ பானை என்று கூப்பிடுகிறவள், இருக்கிறாள். புள்ளி போட்டவள் இருக்கிறாள். மற்ற நாலும் சின்னவை. இப்போது ஆட்டம் இல்லை, ஆனால் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றன.

எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக அந்தத் தொட்டி நம் ஹாலில் இருக்கிறது. அந்த ஸ்பாஞ்சில் உயிர் இருக்கிறது என்று நீ ஒரு நாளாவது என்னிடம் சொன்னாயா? "தொடாத, தொடாத" என்று மட்டும்தான் சொல்வாய். தொடாதே என்றால் எனக்கு என்ன புரியும்? ஆஸ்பத்திரியில் நாங்கள் தொடக் கூடாது என்று வைப்பதெல்லாம் ஒன்று ரொம்பச் சுத்தமானது, இல்லையென்றால் ரொம்ப அழுக்கானது. உன்னுடையதைப் பார்த்தால் சுத்தமாகத் தெரியவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். உயிருள்ள ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அதுதான் நான் வாங்கும் நல்ல பெயர். இரண்டாவது தடவை உன் அண்ணிக்குக் கலைந்தபோது டாக்டர் என்ன சொன்னார்? "காரணம் தெரியலை, ஏதாவது இன்ஃபெக்ஷனா இருக்கலாம்." அந்த 'இருக்கலாம்' நாலு வருஷமாக என் காதிலேயே இருக்கிறது. ஊர்க் கத்தியையெல்லாம் சுத்தம் செய்கிறவன் வீட்டுக்குள்ளே எதை விட்டுவைத்தேன் என்று யோசித்து யோசித்து இப்படி ஆகிவிட்டேன்.

அந்தக் கிருமிகளைக் கடையில் பாட்டிலில் விற்பார்களா? எங்கே கிடைக்கும் என்று சொல். எவ்வளவு தூரமானாலும் போகிறேன்.

அண்ணன்


ஜூன் 8, ஞாயிறு

அண்ணா,

மேனேஜருக்காக அழுதேன். பாறை உடைக்கிறவர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நில அளவைக் கருவிக்குப் பின்னால் நின்று அழுதேன். தூசு என்று சொல்லிச் சமாளித்தேன். இங்கே தூசுக்குப் பஞ்சமே இல்லை.

நான் சொல்லித் தரவில்லை என்றாய். உண்மைதான். என் தொட்டி, என் ஸ்பாஞ்சு, யாரும் கிட்டே வரக் கூடாது என்று இருந்துவிட்டேன். நீயும் நானும் ஒரே அச்சு, அண்ணி சொல்வது சரிதான்.

பாட்டிலில் விற்கிறார்கள். ஆனால் கைகண்ட வழி வேறு. நன்றாக ஓடுகிற இன்னொரு தொட்டியின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் போதும், அதை வைத்து மறுபடி குடித்தனம் தொடங்கிவிடலாம். அந்தத் தொட்டி மீன்களுக்கு நோய் இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள். உன் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு சலூன் இருக்கிறதே, அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி உண்டு. போய்க் கேள். கொடுப்பார். ஏன் கொடுப்பார் என்று அவரே சொல்வார். வாங்கியதும் அவர் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்க வைத்து எடுத்து வா. காயக் கூடாது, கழுவக் கூடாது. உன் பழைய ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் சேர்த்து வை.

இப்போது நான் கேட்பதற்கு நீ பதில் சொல்.

அந்தச் சனிக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தேன். பூட்ஸில் சேறு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். குழந்தை உதைக்கிறது என்று அண்ணிதான் என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். கையைக் கழுவியிருந்தேன். நீ உள்ளே வந்து, "தெருவுல இருக்கற அழுக்கையெல்லாம் கொண்டாந்து அங்க தேய்க்காத, நீயும் உன் மீன் தொட்டியும்" என்றாய். அண்ணி முகத்தைப் பார்த்தேன், அவள் குனிந்துகொண்டாள். எட்டு மாதமாக வேண்டாம் என்று தள்ளிப்போட்ட மலை வேலைக்கு அன்று மாலையே சரி என்று சொல்லிவிட்டேன்.

தொட்டியைச் சொல்லியிருந்தால் நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் யாருக்காவது கொடுத்திருப்பேன். நீ தொட்டியை மட்டும் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு நான் ஒரே அத்தை. நான் அதைத் தூக்கலாமா, கூடாதா? ஒரு வரியில் எழுது. அந்த வரி வராமல் நான் மலையிலிருந்து இறங்க மாட்டேன்.

தங்கை


ஜூன் 11, புதன்

வாலு,

சலூனுக்குப் போனேன். இதை விவரமாக எழுதச் சொல்லி உன் அண்ணியின் உத்தரவு, ஏனென்றால் அவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

உள்ளே இரண்டு பேர் காத்திருந்தார்கள். சலூன்காரர் ஒருவருக்குத் தாடியை மழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "உக்காருங்க, ரெண்டு பேருக்கு அப்புறம் நீங்கதான்" என்றார்.

"முடி வெட்ட வரலைங்க."

"ஷேவிங்கா?"

"அதுவும் இல்ல. உங்க தொட்டியில இருக்கற அழுக்கு ஸ்பாஞ்சு, அதுல கொஞ்சம் வேணும்."

கத்தி அந்தரத்தில் நின்றது. தாடிக்காரர் கண்ணாடி வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாட்டியிருந்த ஆஸ்பத்திரி அடையாள அட்டை என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அழுக்கா வேணுமா, கழுவிட்டு வேணுமா?"

"அழுக்காத்தான் வேணும். கழுவிடாதீங்க."

அவர் என் பெயரைக் கேட்கவில்லை. "நீங்க அந்த அளவைக்காரம்மாவோட அண்ணனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம்தான் சொன்னார். போன வருஷம் அவர் தொட்டி வாங்கிய புதிதில் மீன் எல்லாம் வரிசையாகச் செத்ததாம். நீ தெருவில் போகும்போது பார்த்து உள்ளே நுழைந்து, மறுநாள் உன் ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தாயாம். "குழாத் தண்ணியில கழுவாதீங்க, தொட்டித் தண்ணியிலயே பிழிஞ்சு விடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. இன்னி வரைக்கும் அப்படித்தாங்க செய்யறேன். இதுல என்னுது ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுதுதான், எடுத்துக்குங்க." கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினார். தாடிக்காரர் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார்.

மூடி போட்ட எங்கள் கருவித் தட்டு ஒன்றில் அந்தத் தண்ணீரோடு வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். நாறும் என்று நினைத்தேன், நாறவில்லை. மழை பெய்து விட்ட பிறகு மண்ணிலிருந்து வருமே, அந்த வாசனை. நீ வேலையிலிருந்து வரும்போது உன் பூட்ஸில் வருகிற வாசனை.

வீட்டு வாசலில் கால் தயங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தட்டோடு உள்ளே போகக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு போய் ஃபில்டரில் வைத்துவிட்டேன். மீன் இன்னும் ஆறு இருக்கிறது.

நீ கேட்ட ஒரு வரியை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். லாரி வந்துவிட்டது. ஹாரன் அடிக்கிறார். பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்


ஜூன் 12, வியாழன்

அண்ணா,

சலூனுக்கு ஒரு பக்கம். என் கேள்விக்கு, பிறகு எழுதுகிறேன். நல்லது.

மீனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அது பாவம். இன்னும் ஒரு மாதத்துக்குத் தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்று, பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு போதும். மீன் கடையில் தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து கிடைக்கும், நிறம் மாறுவதைப் பார்த்துக்கொள். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான். மோலி பச்சை தின்கிற ஜாதி. கீரை இலை ஒன்றை வெந்நீரில் முக்கி எடுத்துப் போடு. கண்ணாடியில் மறுபடி பாசி பிடித்தால் முன்பக்கத்தை மட்டும் துடை, பின்பக்கம் அவற்றின் சாப்பாட்டு மேசை. புதிதாக மீன் வாங்காதே. எப்போதாவது வாங்கினால் ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் பெண்களை நிம்மதியாக இருக்க விடாது. வாங்கியதை இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

இங்கே சுரங்கம் இன்னும் இரண்டு வருஷம் இழுக்கும். என்னை அதுவரைக்கும் இருக்கச் சொல்கிறார் தலைமைப் பொறியாளர். தகரக் கொட்டகைதான், ஆனால் தனி அறை. ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லத்தான் நினைக்கிறேன். இங்கே எல்லோருடைய பூட்ஸிலும் சேறுதான், யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை.

தங்கை


ஜூலை 9, புதன்

வாலு,

நாலு வாரம் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. ஒவ்வொரு புதனும் சனியும் ஹாரன் நம் தெருமுனையில் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பேன்.

முதலில் நல்ல சேதி. ஆறும் பிழைத்துவிட்டன. சொட்டு மருந்து நிறம் மாறுவது நின்று பத்து நாள் ஆகிறது. ஸ்பாஞ்சு இரண்டும் பழுப்பாகிவிட்டன. பின்பக்கக் கண்ணாடியில் பச்சை ஏறிவிட்டது, அதைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கிறது. துடைக்கவில்லை.

போன ஞாயிறு பானை குட்டி போட்டாள். முட்டை இடாமல் குட்டியாகவே போடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணிதான் பார்த்தாள். நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு தன் வயிற்றைத் தாங்கியபடி, "இங்க வாங்க, வாங்க, மேடம் முந்திக்கிட்டாங்க" என்று கூப்பிட்டாள். கண்ணும் வாலுமாக நூல் துண்டு போல ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. புள்ளிக்காரி வந்து இரண்டை லபக்கென்று விழுங்கினாள். பானையே திரும்பி ஒன்றை விழுங்கினாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. அண்ணி பதறாமல், நீ தனி வாளியில் போட்டு வைத்திருந்த பாசிச் செடியை அள்ளி வந்து மிதக்கவிட்டாள். அந்த வாளி ஒன்றுதான் என் கண்ணில் படாமல் தப்பியது. குட்டிகள் அதற்குள் புகுந்து ஒளிந்துகொண்டன. எண்ணிப் பார்த்ததில் பதினேழு இருக்கிறது.

அவை என்ன தின்கின்றன தெரியுமா? நான் பொடித்துப் போடுவதை அவ்வளவாகச் சீண்டவில்லை. அந்தப் பச்சைக் கண்ணாடியில்தான் நாளெல்லாம் வாயை வைத்துக்கொண்டிருக்கின்றன. ஸ்பாஞ்சின் மேலும் கொத்துகின்றன. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே, "நீங்க கழுவின தொட்டியில இதெல்லாம் ஒரு நாள் தாங்கியிருக்குமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் உள்ளே போய் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன், மூன்று நாளாகிறது.

தொட்டியை மட்டும் நான் சொல்லவில்லை என்று எழுதினாய், சரிதான். உன்னைத்தான் சொன்னேன். அன்றைக்கு நீ தொட்டது எனக்குப் பயமாக இருந்தது. உன்னைப் பார்த்துப் பயப்படவில்லை. குழந்தை போய்விடுமோ என்று பயந்தேன், அந்தப் பயத்துக்குக் கையில் கிடைத்தது நீ. கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது, அதனால் சேற்றுப் பூட்ஸோடு சண்டை போட்டேன். அது தப்பு. பெரிய தப்பு. இதைச் சொல்ல எனக்கு ஆறு மீன் சாக வேண்டியிருந்தது.

ஒரு வரி கேட்டாய். குழந்தையை நீ தூக்கலாம்.

இரண்டாவது வரி நீ கேட்காதது. நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை.

உன் அண்ணன்


ஜூலை 10, வியாழன்

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு மடித்து அளவைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். கோடு வரையப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் விழுகிறது.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் பாதிப் பொய். பாதி போய்விட்டது. கடிதத்தில் நீ எப்போதுமே நல்லவன். நேரில் ஒரு கை நீளும்போது உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாதா? அதை வந்து பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அதனால் பொறியாளருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பதினேழு குட்டிக்கும் என் ஆசீர்வாதம். எல்லாவற்றையும் நம் தொட்டி தாங்காது. பெரிதானதும் சலூன்காரருக்கு ஐந்தாறு கொடு, தாடிக்காரருக்கும் வேண்டுமா என்று கேள்.

அண்ணியைக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொள்.

வாலு


ஆகஸ்ட் 20, புதன்

வாலு,

பெண். சனிக்கிழமை பிறந்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அழுகை மட்டும் உன்னை மாதிரியே, ஹாரனுக்குப் போட்டி. அண்ணி நன்றாக இருக்கிறாள். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் இன்னும் அவளைத் தூக்கவில்லை.

ஐந்து நாளாகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கையில் கொடுக்க வந்தார், கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனேன். கழுவினேன், பிறகு குழாயை மூடத் தொட்டோமே என்று மறுபடி கழுவினேன். கதவைத் தொட்டோமே என்று மறுபடியும். வெளியே வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து இப்படியே. விரலெல்லாம் வெடித்து எரிகிறது. அண்ணி தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறாள், நான் வந்து உட்காருவேன் என்று. நான் போய் மீன் தொட்டிக்கு எதிரே உட்காருகிறேன்.

நீ தூக்கலாம் என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதினேனே, எனக்கே தைரியம் இல்லை. நீ வா. நீ முதலில் தூக்கு. நீ தூக்கி அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டால் நான் தூக்கிவிடுவேன் என்று தோன்றுகிறது.

இரண்டு வருஷம் இருப்பதற்குச் சரி சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தாலும் ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

அண்ணன்


ஆகஸ்ட் 21, வியாழன்

அண்ணா,

நான் வந்து முதலில் தூக்குவதா? முடியாது. முதல் முறை தூக்குவது அப்பன் வேலை, அதை என் தலையில் கட்டாதே.

இனிமேல் சொல்வதை வரி வரியாகச் செய், மீனுக்குச் செய்தாயே, அது மாதிரி. ஒரு தடவை கையைக் கழுவு. ஒரே தடவை. சோப்புப் போட்டு, சாதாரணத் தண்ணீரில். குழாயை மூடு. குழாயைத் தொட்ட கையை மறுபடி கழுவாதே. சட்டையில் துடை. கதவு திறந்துதான் இருக்கும், நீ இருந்தால் அண்ணி மூட மாட்டாள். அந்த நாற்காலியில் போய் உட்கார். அண்ணியைக் கொடுக்கச் சொல். தலைக்குக் கீழே ஒரு கை, முதுகுக்கு ஒரு கை.

பயமாக இருந்தால் அந்தப் பஸ்ஸை நினைத்துக்கொள். உன் வாழ்க்கையில் நீ பார்த்த பெரிய அழுக்கை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்தாய். வாசலில் தயங்கினாய், பிறகு உள்ளே போனாய். அதனால்தான் ஆறு மீன் உயிரோடு இருக்கிறது. உன் கையால் சாகவும் செய்தன, பிழைக்கவும் செய்தன. அந்தக் கைதான் அவளுக்கும், வேறு கை கிடையாது.

இந்தக் கடிதத்தை இங்கேயே கீழே வை. போய்த் தூக்கு. மீதியைப் பிறகு படி.


தூக்கினாயா? அண்ணியிடம் கேட்பேன், பொய் சொல்ல முடியாது.

சரி. இப்போது படி.

பொறியாளரிடம் இரண்டு வருஷம் முடியாது என்று காலையிலேயே சொல்லிவிட்டேன், உன் கடிதத்தைப் படித்த கையோடு. பழையபடி ஊர்ப் பக்கத்து அளவை வேலைக்கே மாற்றித் தருகிறாராம். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே, தகரக் கொட்டகையில் மழைச் சத்தம் தாங்கவில்லை.

இந்தக் கடிதத்தை ஹாரன் முதலில் கொண்டுவந்து கொடுத்திருப்பார். அவரிடம் நான்தான் அப்படிச் சொல்லி அனுப்பினேன். கடிதம் கொடுத்துவிட்டுப் போய், கால் மணி நேரம் கழித்து ஹாரன் அடிக்க வேண்டும், அதற்கு முன்னால் கை வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். பாவம், அவருக்கு அது பெரிய தண்டனை. அந்தக் கால் மணி நேரமும் நான் தெருமுனையில் லாரிக்குள்தான் உட்கார்ந்திருப்பேன்.

சத்தம் கேட்டதும் வா. அவளைக் கையில் எடுத்துக்கொண்டே வா, தொட்டிலில் போட்டுவிட்டு வராதே. நான் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பேன். நேற்று நல்ல மழை, முழங்கால் வரைக்கும் சேறு. பக்கெட்டில் தண்ணீரும் ஒரு சோப்பும் எடுத்து வைக்கச் சொல். காய்ச்ச வேண்டாம்.

வாலு